சுவர்க்கோழியும் கொசுவத்தியும்

ஷாங்காயில் இருந்த ஒன்றரை வருடத்தில் நான் கற்றதில் பாதி பின்னலாடை மெஷின் பற்றியது, மீதி சுவர்க்கோழி பற்றியது. முதலாவதுக்குச் சம்பளம் கிடைத்தது. இரண்டாவதுக்குக் கைக்காசு போனது, ஒரு பெரியவரின் பல வார உழைப்பையும் பாழாக்கினேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சுவர்க்கோழிச் சண்டை பார்க்கும் ஆசையில் யாராவது அந்தப் பக்கம் போனால், நான் செய்ததைச் செய்யாமல் இருக்கட்டும்.

2017 ஜூனில் திருப்பூரிலிருந்து போனேன். வட்டப் பின்னல் மெஷின் சர்வீஸ் பயிற்சி. கம்பெனி கொடுத்த அறை பழைய கட்டடம் ஒன்றில் மூன்றாவது மாடியில். தரைத்தளத்தில் எழுபது தாண்டிய ஒருவர் தனியாக இருந்தார். ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷாங்காயில் அந்த வயதுக்காரரை ‘யேஷூ’ என்று கூப்பிடுவார்கள், பெரியப்பா, சித்தப்பா மாதிரி. தினமும் காலையில் நான் “யேஷூ, யேஷூ” என்று கூப்பிடுவதை வீடியோ காலில் கேட்ட அம்மா, பையன் மதம் மாறிவிட்டானோ என்று ஒரு வாரம் கவலையில் இருந்தார்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு ராத்திரி கீழிருந்து சத்தம். நம் ஊரில் மழை நின்ற பிறகு குளியலறை மூலையிலிருந்து வருமே, அதே க்ரீ க்ரீ. ஆனால் ஒன்றல்ல, இருபது முப்பது சேர்ந்து. இறங்கிப்போய்ப் பார்த்தால், அலமாரி முழுக்க மூடி போட்ட சின்னச் சின்ன மண்பானைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆண் சுவர்க்கோழி. ஒரே பானையில் இரண்டு ஆணை வைக்க முடியாது, விடிவதற்குள் ஒன்று ஒரு காலை இழந்திருக்கும் என்றார்.

போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, எங்கள் மொழியில் இதற்கு ‘சுவரில் இருக்கும் கோழி’ என்று பெயர் என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, “சரியான பெயர். கோழி என்றால் சண்டை போட வேண்டுமே” என்றார். எங்கள் தாத்தா காலத்தில் சேவற்கட்டு இருந்த ஊர் எங்களுடையது. கட்டுச்சேவலை எப்படி வளர்ப்பார்கள், தோற்ற சேவல் எப்படிக் கோச்சையாகிக் குழம்புக்குப் போகும் என்றெல்லாம் சொன்னேன். தோற்றதைத் தின்பீர்களா என்று முகத்தைச் சுளித்தார். அவர் தோற்றதைப் பின்பக்கத் தோட்டத்தில் விட்டுவிடுவாராம். அன்றிலிருந்து எனக்கு அங்கே ஒரு ஸ்டூல் போட்டாயிற்று.

சீனர்களுக்கு இது நேற்று வந்த பொழுதுபோக்கு இல்லை. தென் சோங் அரசின் முதன்மை அமைச்சராக இருந்த ஜியா ஸுதாவ் (1213–1275) இதில் பித்துப் பிடித்தவர். சுவர்க்கோழி வளர்ப்பு பற்றிய ஒரு நூலே அவர் பெயரில் இருக்கிறது. மங்கோலியர் நாட்டை நெருக்கிக்கொண்டிருந்தபோது மனிதர் பூச்சிச் சண்டை பார்த்துக்கொண்டிருந்தார் என்று இன்றும் திட்டுகிறார்கள். மிங் வம்சத்து சுவாந்தே பேரரசர் 1434-இல் சூச்சோவ் நகர அதிகாரிக்கு ஆயிரம் சுவர்க்கோழி அனுப்பச் சொல்லி ஆணையே போட்டார். யேஷூவிடம் இதைக் கேட்டால் தோளைக் குலுக்குவார். “அரசன் கெட்டது பூச்சியாலா?”

முதல் பணம் போன கதைக்கு வருகிறேன். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரிடம் சொல்லாமல் சீசாங் தெற்குச் சாலையிலிருந்த பூ, பறவைச் சந்தைக்குப் போனேன். வரிசையாக மண் குப்பிகள், மேலே தகர டப்பாவிலிருந்து வெட்டிய வட்ட மூடிகள். ஒரு குப்பியிலிருந்து கணீரென்று பாட்டு. விற்பவர் அதைத்தான் என் கையில் கொடுத்தார், அல்லது கொடுத்ததாக நான் நம்பினேன். எண்பது யுவான். வீட்டுக்கு வந்தால் அது மூச்சு விடவில்லை. மறுநாள் யேஷூவின் சாதாரணப் பூச்சி ஒன்றோடு சேர்த்து விட்டோம். அது மீசையை நீட்டித் தொட்டதுதான் தாமதம், என்னுடையது திரும்பி ஓடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

“இது ஏற்கெனவே தோற்றது” என்றார். பார்த்ததுமே தெரிந்திருக்கிறது. விற்பவர்களே கடையில் இரண்டு இரண்டாக விட்டுப் பார்ப்பார்களாம். ஜெயித்ததை விவரம் தெரிந்தவனுக்கு விலை சொல்வார்கள். தோற்றது என்னைப் போன்ற ஆளுக்கு. பாடியது பக்கத்துக் குப்பியிலிருந்தது. அதனால் சத்தத்தை நம்பி வாங்காதீர்கள். மூடியைத் திறந்து, புல் முனையால் அதன் வாய்ப்பக்கம் தொடச்சொல்லிப் பாருங்கள். தாடையை விரித்துக்கொண்டு முன்னே வர வேண்டும். பின்வாங்கினால் மூடிவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

அப்போது அவர் ஒரு வேலை செய்தார். என் பூச்சியை உள்ளங்கையில் எடுத்து, மெதுவாக மேலே தூக்கிப்போட்டுப் பிடித்தார், இரண்டு மூன்று தடவை. பிறகு திரும்ப உள்ளே விட்டார். நம்பமாட்டீர்கள், ஓடிய அதே பூச்சி இப்போது தாடையை விரித்தது. பிறகு தேடிப் படித்தேன். தோற்ற சுவர்க்கோழி சாதாரணமாக ஒரு நாள் வரை மற்ற ஆண்களைக் கண்டாலே ஒதுங்கும். ஆனால் கொஞ்ச நேரம் பறக்கவிட்டால் அந்தப் பயம் சட்டென்று கலைந்துவிடுகிறது என்று ஹோஃப்மன், ஸ்டீவன்சன் என்ற இருவர் 2000-ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார்கள். தூக்கிப்போட்டால் அதன் உடம்பு பறப்பதாக நினைத்துக்கொள்கிறது போல. இதைச் சொன்னதும் யேஷூவுக்குப் பெருமையெல்லாம் இல்லை. “தூக்கிப்போட்ட பூச்சி குடித்தவன் மாதிரி. கடிக்கும், ஆனால் புத்தி இருக்காது. பந்தயத்துக்கு ஆகாது.” சொன்னபடியே பதினைந்து வினாடியில் மறுபடி தோற்றது. எண்பது யுவான் தோட்டத்துக்குப் போயிற்று.

ஒரு சண்டையை அருகிலிருந்து சொல்கிறேன். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி, ஒரு சாண் நீளம் இருக்கும். நடுவில் ஒரு தடுப்பு. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஒரு கிராம்கூடத் தேறாத உடம்பு. கையில் புல் வைத்திருப்பவர் அதன் மீசையை, பின்காலை, தாடையை லேசாக வருடுவார். அந்தப் புல் நம் கேழ்வரகின் காட்டு உறவு. தண்டைப் பிளந்து நுனியில் மெல்லிய நார் மட்டும் நிற்கும்படி உரித்து வைப்பார்கள். சீனத்தில் அதற்குச் ‘சுவர்க்கோழிப்புல்’ என்றே ஒரு பெயர் இருக்கிறது. வருடியதும் பூச்சி பாடத் தொடங்கும். தடுப்பைத் தூக்கியதும் இரண்டும் நடந்து வந்து மீசையால் ஒன்றையொன்று தட்டும். வாள் வீச்சு மாதிரி, ஆனால் கண் இமைக்கும் வேகம். அதிலேயே பல சண்டைகள் முடிந்துவிடும், ஒன்று திரும்பிப் போய்விடும். இல்லாவிட்டால் ஒன்று தாடையை விரிக்கும், பிறகு மற்றதும். தாடையும் தாடையும் கோத்துக்கொள்ளும்போது ஒரு சத்தம் கேட்கும், ‘டிக்’ என்று, நகம் வெட்டும் சத்தம். பின்னங்கால்கள் தரையில் ஊன்றித் தள்ளும். சில சமயம் ஒன்று மற்றதைத் தலைக்கு மேல் தூக்கி எறியும். சில வினாடி, மிஞ்சினால் இரண்டு மூன்று நிமிடம். தோற்றது ஓடும். ஜெயித்தது உடம்பை முன்னும் பின்னும் உலுக்கிக்கொண்டு சிறகை உரசிப் பாடும். தோற்றது பாடாது. அதை அவர்கள் வெட்கம் தெரிந்த பூச்சி என்பார்கள். சுவர்க்கோழிக்கு ஐந்து நற்குணம் சொல்லும் பழைய வழக்கில் அதுவும் ஒன்று.

இவ்வளவுதான் சண்டை. பயணச்சீட்டு எடுத்து, கூட்டத்தில் இடித்துக்கொண்டு போய் நின்று, இந்தச் சில வினாடியை மட்டும் பார்த்தால் ஏமாந்துதான் போவீர்கள். முதல் வருடம் நான் அப்படித்தான் ஏமாந்தேன். “இதுக்கா இவ்வளவு?” என்று தோன்றியது. வளர்த்துப் பார்த்தவனுக்குத்தான் அந்தச் சில வினாடிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியும்.

அடுத்த வருடம், 2018 ஆகஸ்டில், யேஷூ என்னையும் ஷான்டோங் மாகாணத்துக்குக் கூட்டிப்போனார். ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் ச்சூஃபூ வரை சுமார் மூன்று மணி நேரம், சீன ஞானி கன்ஃபூசியஸின் ஊர். அவரைப் பார்க்க யாரும் இறங்கியதாகத் தெரியவில்லை. எங்கள் பெட்டியில் இருந்த கிழவர்களெல்லாம் நிங்யாங் மாவட்டத்துக்குப் போகிற கூட்டம். சீனாவின் பேர்போன சண்டைச் சுவர்க்கோழிகள் அங்கிருந்துதான் வருகின்றன. ஆகஸ்ட் ஏழு, எட்டில் அவர்கள் பஞ்சாங்கப்படி இலையுதிர்காலம் தொடங்குகிறது. அப்போதிலிருந்து சில வாரம் அந்த மாவட்டமே தூங்குவதில்லை. ராத்திரி முழுக்க மக்காச்சோளக் காட்டில் நெற்றிவிளக்குகள். காதால் இடம் பிடித்து, கம்பி வலைக்கூடையால் அமுக்கிப் பிடிப்பார்கள். விடியும்போது ஸுதியான் சந்தையில் குப்பிகளோடு உட்கார்ந்துவிடுவார்கள். பத்து யுவானுக்கும் பூச்சி உண்டு, பல ஆயிரத்துக்கும் உண்டு.

யேஷூ வாங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். விவசாயிகள் வரிசையாக வந்து குப்பியை வைப்பார்கள். மூடியைத் தூக்குவார், ஒரு நொடி, மூடிவிடுவார். நூற்றில் தொண்ணூறு அப்படிப் போகும். தலையின் நிறம், நெற்றியில் ஓடும் கோடு, தாடையின் நிறமும் வறட்சியும், தொடையின் கனம், இதெல்லாம் அந்த ஒரு நொடிக்குள். நீலம் கலந்த கருமை உயர்ந்தது, மஞ்சள் அடுத்தது, சிவப்பு, கறுப்பு, கடைசியில் வெளுத்தது என்று பழைய தரவரிசை ஒன்று இருக்கிறது. அவர் அதை வாயால் சொல்வார், ஆனால் வாங்குவது என்னமோ தாடையைப் பார்த்துத்தான். பிடித்த பூச்சியாக இருந்தால் அவர் முகம் இன்னும் சலித்துப்போகும். கொட்டாவி விடுவார். “இதுவா? இருபது.” ஒருமுறை ஒரு பெரிய கறுந்தலைப் பூச்சியைப் பார்த்து நான் “அடேயப்பா” என்றுவிட்டேன், தமிழில்தான். எதிரிலிருந்த அம்மா விலையை ஐம்பதிலிருந்து நூற்றிருபது ஆக்கினார். அன்று மாலை நூடுல்ஸ் கடையில் யேஷூ என்னிடம் பேசவில்லை. நிங்யாங்கில் நான் படித்த முதல் பாடம் அது: மூடியைத் திறக்கும்போது முகத்தை மூடிவிட வேண்டும்.

இருபத்திரண்டு பூச்சியோடு திரும்பினோம். அதன்பின் ஆறு வாரம் சண்டை கிடையாது. இதைத்தான் வெளியாட்கள் பலரும் புரிந்துகொள்வதில்லை. பிடித்த உடனே சண்டைக்கு விட்டால் பூச்சி பாழ். உடம்பு இறுகி, முழு வலு வந்து, புது இடம் பழக வேண்டும். செப்டம்பர் எட்டாம் தேதிவாக்கில் வரும் ‘வெண்பனி’ நாளுக்குப் பிறகு லேசாகச் சோதித்துப் பார்க்கலாம். செப்டம்பர் 23, பகலும் இரவும் சமமாகும் நாள். அதன் பிறகுதான் நிஜப் போட்டிகள். பூச்சியின் ஆயுசே நூறு நாள் என்பார்கள். அதில் பாதிக்கு மேல் காத்திருப்பில் போய்விடும்.

வளர்ப்பு வேலை சலிப்பானது, அதனால்தான் எனக்குப் பிடித்தது. காலையில் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்ற வேண்டும். அது சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். வெந்த சோற்றுப் பருக்கை ஒன்று அல்லது இரண்டு, அதற்கு மேல் கூடாது. ஈரத் தூரிகையால் எச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். புதுப்பானையை அப்படியே பயன்படுத்தக் கூடாது, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து ‘நெருப்பை இறக்க’ வேண்டும். நம் ஊரில் புது மண்சட்டியைப் பழக்குவோமே, அந்த மாதிரி. சண்டைக்கு முந்தின இரவு பெண்ணைச் சேர்த்துவிட வேண்டும். ஆணுக்கு வாலில் இரண்டு முள், பெண்ணுக்கு நடுவில் முட்டையிடும் குழலும் சேர்ந்து மூன்று, அதனால் பெண்ணுக்கு ‘மூவால்’ என்று பெயர். பெண்ணோடு இருந்த ஆண் மறுநாள் வேறு ஆளாக இருக்கும். இதைச் சொல்லும்போது மட்டும் யேஷூ குரலைத் தாழ்த்துவார்.

அவர் விதித்த கட்டுப்பாடுகள்: பானைக்குப் பக்கத்தில் சிகரெட் கூடாது. சோப்பு வாசனையோடு மூடியைத் திறக்கக் கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தால் குனியாதே. எல்லாம் கேட்டேன். கொசுவத்தியைப் பற்றி அவர் சொல்லவில்லை. அவர் வீட்டில் கொசுவலைதான். இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று நினைத்திருப்பார்.

அந்த வருடம் நடு இலையுதிர்காலப் பண்டிகை செப்டம்பர் 24. மூன்று நாள் விடுமுறை. யேஷூ சூச்சோவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். கீழே எலி நடமாட்டம் இருந்தது. எலிக்குச் சுவர்க்கோழி முறுக்கு மாதிரி. அதனால் முதல்தரமான மூன்றை மட்டும் என் அறையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். மற்றதற்கு மேலே பலகையும் கல்லும் வைத்து, காலை மாலை இறங்கிப் பார்க்கச் சொன்னார். அந்த மூன்றில் இரண்டு அக்டோபர் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தவை.

செப்டம்பர் கடைசியிலும் ஷாங்காயில் புழுக்கம் போகவில்லை. அந்தப் பின்வெயிலுக்கு ‘இலையுதிர்காலப் புலி’ என்று பெயர். இரண்டாம் நாள் ராத்திரி கொசு தாங்க முடியவில்லை. மேசைக்கு அடியில் ஒரு சுருள் கொளுத்திவிட்டுப் படுத்தேன். சன்னலையும் சாத்தினேன், கொசு வராமல் இருக்க. சின்ன வயதிலிருந்து கை தன்னால் செய்கிற காரியம், யோசனையே கிடையாது.

விடிகாலை விழிப்பு வந்தது. எது எழுப்பியது என்று சற்று நேரம் புரியவில்லை. பிறகு புரிந்தது, சத்தம் இல்லை.

முதல் பானை. மல்லாந்து கிடந்தது, கால்கள் மடங்கி. இரண்டாவதும். மூன்றாவது மல்லாந்து கிடந்தாலும் கால்கள் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. சன்னலைத் திறந்து, மூடியை எடுத்து, வெளித்திண்டில் நிழலில் வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கொசுவத்தியில் இருப்பது சாமந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து முதலில் எடுத்த விஷத்தின் செயற்கை வடிவம். பூச்சியின் நரம்பைத்தான் தாக்குகிறது. கொசு எது, நிங்யாங் வீரன் எது என்று அதற்கு என்ன தெரியும்? திரவ மருந்தைச் சொருகிவைக்கும் மெஷினும், கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் பெரும்பாலும் இதே குடும்பம்தான். பூச்சி வளர்ப்பவர் வீட்டில் இவை எதுவும் கூடாது, பக்கத்து அறையிலும் கூடாது. வண்டு, பட்டாம்பூச்சிப் புழு என்று குழந்தைகள் எதை வளர்த்தாலும் இதே கதைதான்.

சாயந்திரம் அவர் வந்தார். கையில் எனக்கென்று நிலா கேக் பெட்டி, சைவமாகப் பார்த்து வாங்கியது, தாமரை விதை. நான் வாசலிலேயே சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். “சன்னல் திறந்திருந்ததா?” இல்லை என்றேன். தலையை ஆட்டினார். மாடி ஏறி வந்து மூன்று பானைகளையும் மோந்து பார்த்தார். இரண்டைத் தனியே எடுத்து வைத்தார். மண் புகையைக் குடித்துவிட்டது, இனி இவற்றில் பூச்சி வைக்க முடியாது என்றார். அவர் அப்பா காலத்துப் பானைகள். பூச்சிக்கு விலை போட்டுக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருந்த பணத்தை நான் வெளியே எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் அதுதான் அவமரியாதையாக இருந்திருக்கும்.

மூன்றாவது பிழைத்தது. ஒரு பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. இனி சண்டைக்கு ஆகாது.

அக்டோபரில் ஷாங்காயிலேயே சீபாவ் பக்கம் நடந்த பொதுப்போட்டிக்கு, பெயர் கொடுத்தபடியே போனோம். காசு கட்டாத போட்டி, அந்தப் பகுதி ஆர்வலர்கள் நடத்துவது. நகைக்கடைத் தராசு போன்ற ஒன்றில் பூச்சியை எடை போட்டு ஜோடி சேர்த்தார்கள். சேவற்கட்டில் கையில் தூக்கி ஜோடி பார்ப்பார்களே, அதன் நுணுக்கமான தம்பி. மேலே கேமரா, சுவரில் டிவி. பெரிய போட்டிகளில் பூச்சிகளைச் சில நாள் முன்பே பொது அறையில் ஒப்படைத்துவிட வேண்டுமாம், சொந்தக்காரர் தொட முடியாது. மருந்து கொடுத்துச் சண்டைக்கு விடுகிற ஆட்கள் இருப்பதால் வந்த ஏற்பாடு.

யேஷூ நான்காம் தரமான மஞ்சள்தலை ஒன்றை இறக்கினார். மீசை தொட்ட உடனேயே அது திரும்பிவிட்டது. மொத்தம் ஐந்து வினாடி இருக்கும். “நேற்று மூவாலோடு சரியாகச் சேரவில்லை” என்று மட்டும் சொன்னார். பிறகு நாங்கள் வெறும் பார்வையாளர்கள். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குத்தான் எனக்குப் பார்க்கத் தெரிந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கப் போகாதீர்கள், டிவிக்கு முன்னால் உட்காருங்கள். மூச்சுக் காற்றோ போன் வெளிச்சமோ பட்டால் நடுவர் முறைப்பார், முறைப்பது நியாயம்தான். தடுப்பு தூக்கும் முன்பே பாருங்கள், விஷயம் பாதி அங்கே முடிந்திருக்கும். சத்தமாகப் பாடுகிற பூச்சியைவிட, புல் பட்டதும் மீசையை முன்னால் குவித்து, பின்னங்காலை அகலமாக ஊன்றி, அசையாமல் நிற்பதைக் கவனியுங்கள். கடித்துவிட்டு உடனே இரண்டு எட்டு விலகுகிறதே, அது பயமா, மறுபிடிக்கான இடைவெளியா? மீசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் தெரியும். யேஷூ ஒவ்வொரு ஜோடிக்கும் என் முட்டியில் ஒரு தட்டு தட்டுவார், இடது என்றால் இடது முட்டி. பதினாறில் பதிமூன்று சரியாகச் சொன்னார். நான் ஒன்பது. நாணயத்தைச் சுண்டினாலே எட்டு வரும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அங்கேயே ஒருவர் என்னிடம் வந்தார், நல்ல ஆங்கிலம். இதெல்லாம் குழந்தை விளையாட்டு, ராத்திரி ஓரிடத்தில் நிஜ ஆட்டம் இருக்கிறது, கார் வரும், ரொக்கம் மட்டும் கொண்டு வாருங்கள் என்றார். எனக்கு ஆசைதான். யேஷூ பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார், நிஜமாகவே காலரைப் பிடித்து. அந்த நாட்டில் பந்தயம் கட்டுவது குற்றம். சுவர்க்கோழி ஆட்டங்களில் போலீஸ் புகுவது அடிக்கடி நடக்கிற விஷயம். அபராதம், காவல், வெளிநாட்டுக்காரன் என்றால் நாட்டைவிட்டே அனுப்பவும் சட்டத்தில் இடமுண்டு. பகலில், கட்டணமில்லாமல், கிழவர்கள் டீ குடித்துக்கொண்டு பார்க்கும் ஆட்டத்தைப் பாருங்கள், போதும்.

இது கொடுமை இல்லையா என்று ஊரில் பலர் கேட்டார்கள். கத்தி கட்டிய சேவலைப் பார்த்தவன் என்ற முறையில் சொன்னால், இதில் ரத்தக்களரி இல்லை. பெரும்பாலானவை ஓடித் தப்பிக்கும், செத்துப்போவது அபூர்வம். தாடை உடைவது, கால் போவது உண்டு. எனக்கு உறுத்தியது சண்டை இல்லை, நிங்யாங்கில் ஒரே ராத்திரியில் காட்டிலிருந்து அள்ளுகிற எண்ணிக்கைதான். இன்னொன்று, இதைப் படித்துவிட்டு நம் குளியலறைச் சுவர்க்கோழிகளை வைத்துத் தெருமுனையில் போட்டி நடத்தலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நம்முடைய 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் ‘விலங்கு’ என்றால் மனிதன் தவிர்த்த எந்த உயிரும். வேடிக்கைக்காக அவற்றை மோதவிடுவது குற்றம். அங்கிருந்து உயிருள்ள பூச்சியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரும் எண்ணமும் வேண்டாம்.

நொண்டிச் சுவர்க்கோழி என் அறையிலேயே இருந்தது. குளிர் ஏறியதும் யேஷூ பானைக்கு ஒரு பழைய கம்பளித் துண்டைச் சுற்றிக் கொடுத்தார். நவம்பர் இரண்டாம் வாரம் வரை பாடியது, கடைசியில் குரல் கீச்சென்று மெலிந்துபோய். டிசம்பரில் நான் ஊருக்குத் திரும்பும்போது அந்தப் பானையையும் ஒரு கட்டுப் புல்லையும் கொடுக்க வந்தார். புல்லை விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள் என்று பானையை மட்டும் வாங்கிக்கொண்டேன். இப்போது திருப்பூரில் அதில் சில்லறைக் காசு இருக்கிறது.

2019 ஆகஸ்டில் ஒரு காலை, ஆறரை மணி, வீடியோ கால். யேஷூ. பின்னால் சந்தைச் சத்தம், ஸுதியான். ஒன்றும் பேசாமல் குப்பியின் மூடியைத் தூக்கி கேமராவுக்குக் காட்டினார். நீலக் கருமைத் தலை, நெற்றியில் ஊசியால் கீறியது போல நேர்க்கோடு, தாடை வறண்டு, கறுத்து, பளபளவென்று. புல் முனை பட்டதும் அது பின்னங்காலை அகற்றி ஊன்றியது, பாடவே இல்லை. எனக்குத் தூக்கக் கலக்கம், சந்தோஷம் வேறு. எனக்குத் தெரிந்த சீனத்தில் சத்தமாகக் கத்திவிட்டேன்: “ரொம்ப நல்ல பூச்சி யேஷூ! விடாதீங்க, வாங்கிடுங்க!”

திரை ஒரு வினாடி ஆடியது. மூடி விழுந்தது. குப்பிக்குப் பின்னால், மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த விவசாயியின் பல் தெரிந்தது, காது வரைக்கும் சிரிப்பு. இணைப்பு துண்டானது. அந்தப் பூச்சிக்கு எவ்வளவு கொடுத்தார் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை.